விற்ற வண்டியைத் தேடி வாங்கிய ஹென்றி போர்டு

1904-ம் ஆண்டு. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரம். மோட்டார் கம்பெனி நடத்தும் ஒருவர் ஒரு பழைய வண்டியை 65 டாலர் கொடுத்து வாங்கினார். அதை வண்டி என்று சொல்வதே அதற்குப் பெருமை. நாலு சைக்கிள் சக்கரம், ஒரு சட்டம், ஓர் ஆசனம், பின்னால் ஒரு சிறு என்ஜின். அவ்வளவுதான்.

அந்த வண்டியைத் தம் கையால் செய்தவர் அவரே. 1896-ம் ஆண்டில் 200 டாலருக்கு விற்றவரும் அவரே. எட்டு ஆண்டு கழித்து அதையே திரும்ப வாங்கியவரும் அவரே!

அவர்தான் ஹென்றி போர்டு. பின்னாளில் மோட்டார் மன்னர் என்று உலகம் புகழ்ந்தவர். ஒரே மாதிரியான காரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து குவித்தவர். புதுப்புது வண்டி செய்யத் துடித்த மனிதருக்கு அந்தப் பழைய வண்டி எதற்கு?

அதற்குப் பதில் அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது. பழைய வண்டி ஒன்றைப் பார்த்து, இது அரியதா, இது அசலா என்று கேட்கிற எவருக்கும் அந்த வாழ்க்கை ஒரு பாடம்.

உழவர் வீட்டுப் பிள்ளை

ஹென்றி போர்டு 1863-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி பிறந்தார். பிறந்த இடம், டெட்ராய்ட் நகருக்குப் பக்கத்தில் டியர்பார்ன் பகுதியில் ஒரு பண்ணை வீடு. தந்தை வில்லியம், அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடியானவர். தாய் மேரி.

பண்ணை வேலை ஹென்றிக்குப் பிடிக்கவில்லை. எதைக் கண்டாலும் பிரித்துப் பார்க்க வேண்டும் அவருக்கு. கடிகாரம் கிடைத்தால் கழற்றுவார். மறுபடி பூட்டி ஓட வைப்பார். அக்கம்பக்கத்தாரின் கடிகாரங்களும் அவரிடம் பழுது பார்க்க வந்தன.

1876-ம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள். தாய் மேரி இறந்துபோனார். அப்போது ஹென்றிக்கு வயது 12. அதே ஆண்டில், தந்தையுடன் குதிரை வண்டியில் போகும்போது, குதிரை இல்லாமல் தானே நகரும் நீராவி என்ஜின் ஒன்றைச் சாலையில் கண்டார். குதித்து இறங்கினார். அதை ஓட்டி வந்தவரைக் கேள்வி கேட்டுத் துளைத்தார்.

தாயின் நினைவும் அந்த என்ஜினின் நினைவும் கடைசி வரை அவரை விட்டு அகலவில்லை.

16 வயதில் வீட்டை விட்டு டெட்ராய்ட் நகருக்குப் போனார். பட்டறையில் தொழில் பழகினார். பிறகு ஊர் திரும்பி, பண்ணைகளில் ஓடும் நீராவி என்ஜின்களைப் பழுது பார்த்தார். 1888-ல் கிளாரா என்ற பெண்ணை மணந்தார். 1891-ல் கணவனும் மனைவியும் டெட்ராய்ட்டில் குடியேறினார்கள். அங்கே எடிசன் பெயரில் இருந்த மின்சாரக் கம்பெனியில் ஹென்றிக்கு வேலை கிடைத்தது.

சுவரை இடித்து வெளியே வந்த வண்டி

பகலில் கம்பெனி வேலை. இரவில் சொந்த வேலை. 1893-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் முதல் நாள் இரவு, தாம் செய்த சிறு பெட்ரோல் என்ஜினைச் சமையலறைக்குத் தூக்கி வந்தார். பாத்திரம் கழுவும் தொட்டியில் அதைப் பொருத்தினார். பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விடும் வேலை கிளாராவுக்கு. பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத மகன் எட்சல் தூங்கிக்கொண்டிருந்தான். என்ஜின் உறுமி ஓடியது.

அதற்குப் பிறகு கொல்லைப்புறக் கொட்டகையில் ஒரு முழு வண்டி உருவாயிற்று. 1896-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி, விடியும் முன் வண்டி தயார். வெளியே கொண்டு போகப் பார்த்தால், கொட்டகைக் கதவைவிட வண்டி அகலம்! போர்டு யோசிக்கவில்லை. கோடரியை எடுத்தார். சுவரின் செங்கல்லை இடித்துத் தள்ளினார். வண்டி தெருவுக்கு வந்தது. நண்பர் ஒருவர் சைக்கிளில் முன்னே போய் வழி விலக்கினார்.

எடை சுமார் 500 ராத்தல். பின்னோக்கிப் போகத் தெரியாது. திருப்புவதற்குச் சக்கரம் கிடையாது. படகின் சுக்கான் போல ஒரு கோல். அதுதான் போர்டு செய்த முதல் வண்டி.

சில மாதத்தில் அதை 200 டாலருக்கு விற்றார். அடுத்த வண்டி செய்யப் பணம் வேண்டுமே! அன்று அவருக்கு அது நினைவுச் சின்னம் அல்ல, கைமுதல்.

முதலில் செய்தது சாமான் வண்டி

1899-ல் சில பணக்காரர்கள் முதல் போட்டார்கள். போர்டு வேலையை விட்டுவிட்டு மோட்டார் கம்பெனியில் இறங்கினார். அந்தக் கம்பெனி செய்த முதல் வண்டி சவாரிக் கார் அல்ல. கடைச் சரக்கை வீட்டுக்கு வீடு கொண்டு போகும் சாமான் வண்டி. அது கனமாக இருந்தது, மெதுவாகப் போயிற்று, அடிக்கடி நின்றது. சுமார் 20 வண்டிதான் செய்தார்கள். 1901 தொடக்கத்தில் கம்பெனி மூடப்பட்டது.

இரண்டாவது கம்பெனியிலும் முதலாளிகளுடன் ஒத்துப்போகவில்லை. 1902-ல் வெளியே வந்தார். மூன்றாவது முயற்சியாக, 1903-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி போர்டு மோட்டார் கம்பெனி பிறந்தது. கையில் இருந்த ரொக்கம் 28,000 டாலர். முதல் காரை வாங்கியவர் சிகாகோ நகரத்துப் பல் வைத்தியர் ஒருவர்.

இந்த முறை வியாபாரம் நிலைத்தது. அடுத்த ஆண்டே போர்டு தம்முடைய முதல் வண்டியைத் தேடிப் போனார். 200 டாலருக்கு விற்ற பொருள் 65 டாலருக்கு இறங்கியிருந்தது. மற்றவர் கண்ணுக்கு அது பழைய இரும்பு. அதன் மதிப்பு, செய்தவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

எல்லாம் ஒரே அச்சு

1908-ம் ஆண்டு அக்டோபரில் மாடல் டி என்ற கார் வந்தது. விலை 850 டாலர். உறுதியான கார். கிராமத்து மேடு பள்ளத்திலும் போகும். சுத்தியும் திருப்புளியும் பிடிக்கத் தெரிந்த குடியானவர் தாமே பழுது பார்த்துக்கொள்ளலாம்.

வாங்குகிறவர் கூட்டம் பெருகியது. கைவேலையாகச் செய்தால் கட்டுபடியாகாது என்று கண்டார் போர்டு. 1913-ல் ஒரு புது முறையைக் கொண்டு வந்தார். தொழிலாளி வண்டியைத் தேடிப் போவதில்லை. வண்டி அவரைத் தேடி நகர்ந்து வரும். ஒருவர் திருகாணி வைப்பார். அடுத்தவர் முடுக்குவார். முன்பு ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்ட 12½ மணி நேரம் ஆயிற்று. அது 93 நிமிஷமாகக் குறைந்தது.

1914 ஜனவரியில் தொழிலாளிக்கு நாள் ஒன்றுக்கு 5 டாலர் வரை கிடைக்கும், 8 மணி நேரம்தான் வேலை என்று அறிவித்தார். முன்பு கிடைத்ததைப் போல அது சுமார் இரண்டு மடங்கு. ஆலை வாசலில் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள்.

1914 முதல் 1925 நடுப்பகுதி வரை கார்கள் கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தன. ஒரு காரின் உறுப்பு இன்னொரு காருக்கு அப்படியே பொருந்தும். அதுதான் போர்டின் வெற்றிக்கு வேர். பின்னாளில் அசல் வண்டியைத் தேடுகிறவர்களுக்கு அதுவே தலைவலியாயிற்று!

1924-ம் ஆண்டில் ஒரு கோடியாவது மாடல் டி கார் வெளிவந்தது. அதன் பக்கத்தில் தம்முடைய 1896-ம் ஆண்டு வண்டியை நிறுத்தி, இரண்டுக்கும் நடுவில் போர்டு நின்று படம் எடுத்துக்கொண்டார். ஒரு பக்கம், இன்னொன்று இல்லாத வண்டி. மறுபக்கம், ஒரு கோடி உடன்பிறப்புகளைக் கொண்ட வண்டி. இரண்டும் ஒரே கையின் பிள்ளைகள்.

பெட்டி கட்டிய கார்

மாடல் டி கார் சவாரிக்கு என்று வந்தது. குடியானவர்கள் அதைச் சும்மா விடவில்லை. பின்பக்கத்தை அறுத்து எடுத்துவிட்டு, பலகையால் பெட்டி கட்டினார்கள். மூட்டையும் கோழிக்கூண்டும் பால் பாத்திரமும் ஏற்றினார்கள். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பட்டை மாட்டி, மரம் அறுக்கும் வாளையும் சுழற்றினார்கள்.

1917-ல் போர்டு கம்பெனி ஒரு டன் சுமக்கும் லாரிச் சட்டத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. உடல் இல்லாத வெறும் சட்டம். வேண்டிய பெட்டியை வாங்குபவரே செய்துகொள்ள வேண்டும்.

1925-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி, கம்பெனியே பெட்டி கட்டிய வண்டியை விற்க முன்வந்தது. இருவர் உட்காரும் மாடல் டி காரின் பின்னால், 56 அங்குல நீளமும் 13 அங்குல ஆழமும் உள்ள பெட்டி. பின்னால் திறந்து மூடும் கதவு. சுமை தாங்கக் கனத்த ஸ்பிரிங். விலை 281 டாலர். போர்டு ஆலையிலேயே முழுதாகத் தயாராகி வந்த முதல் பிக்கப் வண்டி அது. முதல் ஆண்டிலேயே 30,000-க்கு மேல் விற்றது.

ஏரையும் பண்ணையையும் விட்டு ஓடிய பிள்ளை, ஏர் பிடிப்பவருக்கு ஏற்ற வண்டியைக் கொடுத்துவிட்டார்.

தாயின் தட்டு

இனி கதையின் மறுபக்கம்.

சரித்திரம் என்பது வெறும் குப்பை என்ற கருத்தைப் போர்டு 1916-ல் வெளியிட்டார். அவரைப் பழித்து எழுதிய பத்திரிகை ஒன்றின் மேல் அவர் தொடுத்த மானநஷ்ட வழக்கு 1919-ல் விசாரணைக்கு வந்தது. எதிர்க்கட்சி வக்கீல் சரித்திரக் கேள்விகளை அடுக்கினார். போர்டு தடுமாறினார். தீர்ப்பு அவர் பக்கம்தான். ஆனால் நஷ்ட ஈடு வெறும் 6 சென்ட்! நாடே சிரித்தது.

அதே 1919-ல், அவர் பிறந்த பண்ணை வீட்டின் வழியாகச் சாலை வருவதாக இருந்தது. வீட்டை இடிக்க அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. வீட்டையே நகர்த்தி வைத்தார். தாய் உயிரோடு இருந்த நாளில் வீடு எப்படி இருந்ததோ, அப்படியே ஆக்க முனைந்தார்.

தாய் மூட்டிய அடுப்பைப் போலவே ஓர் அடுப்பைப் பல ஊர்களில் தேடிப் பிடித்தார். வீடு இருந்த இடத்து மண்ணைத் தோண்டச் செய்தார். தாய் பரிமாறிய பீங்கான் தட்டின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. அந்தத் துண்டுகளைப் பார்த்து, அதே மாதிரித் தட்டுகளைச் செய்வித்தார்.

புதுத் தட்டு அழகாகத்தான் இருந்தது. ஆனால் தாயின் கை பட்டது, மண்ணில் கிடைத்த அந்த உடைந்த துண்டுதானே! அசலுக்கும் அசல் போன்றதற்கும் உள்ள இடைவெளி அங்கே இருந்தது. எத்தனை கோடி டாலர் இருந்தாலும் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது.

எடிசன் கண்ட குறை

பழம் பொருள் சேர்க்கும் ஆசை பெருகியது. ஏர், ரதம், கடிகாரம், நீராவி என்ஜின், பழைய கார் எல்லாம் டியர்பார்னுக்கு வந்து சேர்ந்தன. முழு முழு வீடுகளையே பிரித்துக் கொண்டு வந்து ஒரு பழைய கிராமத்தை எழுப்பினார். பக்கத்தில் பெரிய பொருட்காட்சிசாலை.

போர்டுக்குத் தெய்வம் போன்றவர் விஞ்ஞானி எடிசன். எடிசன் மின்விளக்கைக் கண்ட ஆராய்ச்சிக்கூடம் நியூஜெர்சியில் பாழாகிக் கிடந்தது. மிஞ்சியிருந்த பலகைகளை எடுத்து, அதே அமைப்பில் டியர்பார்னில் மறுபடி கட்டினார் போர்டு. அந்த இடத்துச் செம்மண்ணையும் ரயிலில் ஏற்றி வந்து சுற்றிலும் போட்டார்.

1929-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி திறப்பு விழா. அமெரிக்க ஜனாதிபதி ஹூவர் வந்தார். விழாவையொட்டி வந்த 82 வயது எடிசன் தம் பழைய கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் ஏறத்தாழச் சரியாகவே இருக்கிறது, ஒன்றுதான் குறை என்றார். தாங்கள் வேலை செய்த நாளில் தரை இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லையாம்!

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் பழைய வண்டி வாங்குகிறவர்கள் மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய பேச்சு அது. உழைத்த பொருளுக்கு உழைப்பின் அடையாளம் இருக்கும். அழுக்கையெல்லாம் துடைத்துவிட்டால், கூடவே அதன் கதையும் துடைந்து போகிறது.

துடைக்கக் கூடாத கறை

போர்டின் வாழ்க்கையையும் பளபளப்பாகத் துலக்கிக் காட்டினால் அது அசலாக இராது.

1920 முதல் அவருடைய பத்திரிகை யூத மக்கள் மேல் பொய்யும் பகையும் பரப்பியது. வழக்கு வந்த பிறகு, 1927-ல் அவர் மன்னிப்புக் கேட்டார். அந்த எழுத்துகள் ஜெர்மனிவரை பரவிச் செய்த தீங்கை மன்னிப்பு அழிக்கவில்லை. 5 டாலர் சம்பளம் கொடுத்தவரின் ஆட்களே, 1937-ல் தொழிற்சங்கத் தலைவர்களை ஆலை வாசலில் அடித்து நொறுக்கினார்கள். மாடல் டி பழையதாகிவிட்டது, மாற்றுங்கள் என்று மகன் எட்சல் சொன்னபோதும் தந்தை வெகுநாள் காது கொடுக்கவில்லை. கடைசியில் 1927-ல் அந்தக் கார் நிறுத்தப்பட்டது.

எது அசல்?

போர்டின் ஆலை 1925-ல் அனுப்பிய அந்தச் சிறு பிக்கப் வண்டிகள் என்ன ஆயின?

அவற்றை யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. உழைக்க வாங்கினார்கள், உழைத்தே தேய்ந்தன. பெட்டி துருப்பிடித்தால் பிய்த்து எறிந்தார்கள். என்ஜின் போனால் வேறு என்ஜின் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பழைய இரும்பு திரட்டியபோது எத்தனையோ வண்டிகள் உலைக்குப் போயின. ஆகவே, ஆயிரக்கணக்கில் பிறந்த பொருள் அரிய பொருளாயிற்று. எத்தனை செய்தார்கள் என்ற கணக்கு மட்டும் போதாது. மாறாமல் எத்தனை மிஞ்சின என்பதே அருமையின் அளவு.

இன்னொரு விசித்திரமும் உண்டு. பிக்கப்பாகப் பிறந்த வண்டி குறைந்தது. பிக்கப்பாக மாறிய வண்டி கூடியது. சாதாரண இருவர் காரின் பின்னால் பிற்காலத்தில் பெட்டி பொருத்திவிடலாம். பழைய அளவிலேயே புதுப் பெட்டிகள் விலைக்குக் கிடைக்கின்றன. அதை அசல் என்று நம்பி வாங்குகிறவரின் சேமிப்புத்தான் போகும்.

விவரம் தெரிந்தவர்கள் பளபளப்பைப் பார்ப்பதில்லை. பெட்டியின் அளவு சரியா, பின் ஸ்பிரிங் கனத்ததா என்று குனிந்து பார்க்கிறார்கள். முன்னால் பித்தளை ரேடியேட்டர் மின்னினால் உஷாராகிறார்கள். பித்தளை ரேடியேட்டர் 1916 மாடலோடு நின்றுபோயிற்று. 1925 வண்டியில் அது இருந்தால், வேறு வண்டியிலிருந்து வந்தது.

மாடல் டி காருக்கு என்ஜின் எண்தான் வண்டியின் எண். என்ஜினின் இடது பக்கத்தில் அது பொறிக்கப்பட்டிருக்கும். எந்த எண் எந்த மாதத்தில் ஆலையை விட்டு வந்தது என்பதற்குப் பதிவு இருக்கிறது. என்ஜினின் இரும்பு உடலிலேயே அதை வார்த்த தேதியும் உண்டு. முதலில் வார்ப்பு, பிறகு எண். குழந்தை பிறந்த பிறகுதானே பெயர் வைக்க முடியும்? வார்த்த தேதி எண்ணுக்குரிய காலத்துக்குப் பிந்தியிருந்தால், பழைய எண்ணைப் புது இரும்பில் பொறித்திருக்கிறார்கள் என்று பொருள். அதில் எப்போதும் மோசடி இருக்க வேண்டும் என்பதில்லை. என்ஜின் வெடித்துப்போய், கடைக்காரர் புது இரும்பு வாங்கிப் பழைய எண்ணையே அடித்துக் கொடுத்திருக்கலாம். எப்படியானாலும் வாங்குகிறவருக்கு உண்மை தெரிய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், பழைய வர்ணத்தைச் சுரண்டு முன் பத்து முறை யோசிக்க வேண்டும். புது வர்ணம் எத்தனை முறையும் அடிக்கலாம். ஆலையில் அடித்த வர்ணம் ஒரு முறைதான்.

விளக்கு வெளிச்சத்தில்

1943-ல் எட்சல் 49 வயதில் இறந்தார். மகனை இழந்த தந்தை, 79 வயதில் மறுபடி கம்பெனித் தலைவரானார். உடலும் மனமும் இடம் கொடுக்கவில்லை. 1945-ல் பேரனிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அதற்கு முந்திய ஆண்டில், தாம் பிறந்த வீட்டையும் தம்முடைய பழைய கிராமத்துக்குள் கொண்டு வந்து வைத்துவிட்டார்.

1947-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி. ஆற்றில் வெள்ளம். போர்டின் மாளிகைக்கு மின்சாரம் வரவில்லை. மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும் ஏற்றி வைத்தார்கள். அந்த வெளிச்சத்தில், மனைவி கிளாரா பக்கத்தில் இருக்க, 83 வயது ஹென்றி போர்டின் உயிர் பிரிந்தது. அவர் பிறந்த நாளில் உலகத்துக்கு இருந்த வெளிச்சமும் அதுதான்.

65 டாலருக்கு அவர் திரும்ப வாங்கிய வண்டி, டியர்பார்ன் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. அழகில் சிறந்த வண்டி அல்ல அது. வேகத்திலும் அல்ல. ஆனால் கொட்டகைச் சுவரை இடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தது அந்த ஒரு வண்டிதான். அதைப் போல ஆயிரம் செய்யலாம். அதுவாக ஒன்று செய்ய முடியாது. ஒன்றரைக் கோடி கார் செய்தவருக்கு அது தெரிந்திருந்தது.